கரண்டால் பாட்டுச் செட்டுக்கு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

வீட்டில் ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு, மிக்சர் என்று ஏதாவது வைத்திருக்கிற நம்ம திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள், செட் ஒரு தடவை அடிபட்டதும் நேரே கடைக்குப் போய் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே செட் மறுபடி மெக்கானிக் கடையில் கிடக்கும். ஸ்டெபிலைசரைக் குறை சொல்ல முடியாது, வோல்டேஜ் மெதுவாக ஏறி இறங்கினால் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்யும். ஆனால் எர்த் இல்லாத வீட்டுக்கும், நியூட்ரல் அறுந்த லைனுக்கும், இடிக்கும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கோளாறு என்று முதலில் தெரிந்துகொண்டு, அப்புறம் காசு செலவழியுங்கள். கீழே ஒவ்வொன்றையும் அறிகுறியை வைத்தே எழுதியிருக்கிறேன், உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அங்கே போய்ப் படிக்கலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிளக்கில் செருகினால் வோல்டேஜ் எண்ணைக் காட்டுகிற சின்ன மீட்டரும் இருந்தால் இன்னும் நல்லது, அதைச் செட்டுக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக மாட்டி வைக்கலாம். நியான் டெஸ்டரை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். 100 வோல்ட் வந்தாலும் அது எரியும், 300 வந்தாலும் எரியும். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட், 216-லிருந்து 244 வரை இருந்தால் கவலையில்லை. காலை, மத்தியானம், விளக்கு வைக்கிற நேரம், ராத்திரி பதினொரு மணி என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடு என்றால் ராத்திரியில் 250-ஐத் தாண்டக்கூடும், தெருவில் கடைசி போஸ்ட்டில் இருக்கிற வீடு என்றால் சாயந்திரம் 170-க்கு இறங்கக்கூடும். ஒரே தெருதான், ஆனால் இரண்டு வீட்டுக்கும் வைத்தியம் வேறு. பிளக் பாயிண்ட்டில் மீட்டர் வைத்துப் பழக்கமில்லை என்றால் வயர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலையில் சுத்தமாக இருக்கிறது, சாயந்திரம் மட்டும் ஹம் வருகிறது

இது பெரும்பாலும் லோ வோல்டேஜ். மானூர், நாங்குநேரி, ராதாபுரம் மாதிரிக் கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் பம்ப் செட் ஓடுகிற நேரத்தோடு இது ஒத்துப்போகும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் வாக்கில் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நொடிகளில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் நாலு மோட்டார் அடுத்தடுத்து ஸ்டார்ட் ஆனால் உங்கள் வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டும். கோயில் கொடை நடக்கிற நாட்களில் சீரியல் செட்டும் மைக் செட்டும் ஏறும்போதும் இதேதான்.

ஹம் எங்கிருந்து வருகிறது? மிக்சருக்கும் கீபோர்டுக்கும் உள்ளே 12 வோல்ட் ரெகுலேட்டர், உதாரணமாக 7812, இருக்கும். அது 12 வோல்ட்டை அசையாமல் தர வேண்டுமானால் உள்ளே வருவது எப்போதும் 14, 14.5-க்கு மேலே இருக்க வேண்டும். லைன் 230-லிருந்து 170-க்கு இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் தருவதும் அதே விகிதத்தில் இறங்கும். ரெகுலேட்டர் தாக்குப்பிடிக்க முடியாமல், டயோடைத் தாண்டி வருகிற 100 ஹெர்ட்ஸ் அலையை அப்படியே வெளியே விட்டுவிடும். அதுதான் ஸ்பீக்கரில் கேட்கிற அந்த ‘ம்ம்ம்’. உறுதிப்படுத்த வேண்டுமா, ஹம் வருகிற நேரத்தில் மீட்டரைப் பாருங்கள். 180-க்குக் கீழே இருந்து, ராத்திரி 220-க்கு ஏறியதும் ஹம் தானாகப் போய்விட்டால் செட்டில் கோளாறு இல்லை. பிரித்துப் பார்க்கவே வேண்டாம்.

இங்கேதான் ஸ்டெபிலைசர் வாங்க வேண்டும். வீட்டுச் செட்டுக்கு 500 வி.ஏ. அல்லது 1 கே.வி.ஏ. போதும். வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: ஹை கட் (வோல்டேஜ் ரொம்ப ஏறினால் துண்டிப்பது) இருக்கிறதா, லோ கட் (ரொம்ப இறங்கினால் துண்டிப்பது) இருக்கிறதா, டைம் டிலே (கொஞ்சம் பொறுத்துக் கரண்ட் விடுவது) இருக்கிறதா. இந்த மூன்றும் இல்லாத ஸ்டெபிலைசர், வோல்டேஜ் எல்லை மீறிப் போனாலும் செட்டோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, ரிலே வைத்த ஸ்டெபிலைசர் டக் டக் என்று மாறும்போதெல்லாம் ஒரு நொடியின் சின்னப் பங்கு கரண்ட் விட்டுப்போகும். ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கு அந்த டக் சத்தம் டிராக்கில் விழும், அவர்கள் சின்ன மோட்டார் சுற்றி வோல்டேஜைச் சரிசெய்கிற சர்வோ வகை பார்க்கலாம்.

ஸ்டெபிலைசர் வாங்கியதோடு விடாதீர்கள். தினமும் 180-க்குக் கீழே போனால் அது மின்வாரியம் சரிசெய்ய வேண்டிய விஷயம். மின்னகம் 94987 94987-க்கு அழைத்து, நீங்கள் குறித்து வைத்த நேரத்தையும் வோல்டேஜையும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ‘லோ வோல்டேஜா இருக்கு’ என்று மொட்டையாகச் சொல்வதைவிட, ‘ஒரு வாரமா ஏழு மணிக்கு 172 காட்டுது’ என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். பல சமயம் ஒரே ஃபேஸில் (தெருவில் கரண்ட் வருகிற மூன்று கம்பிகளில் ஒன்றில்) நிறைய வீடுகள் தொங்கிக்கொண்டிருக்கும், சிலதை வேறு ஃபேஸுக்கு மாற்றினாலே தெரு முழுக்கச் சரியாகிவிடும்.

பல்பு திடீரென்று பளீரென்று எரிகிறது, ஃபேன் தாறுமாறாகச் சுற்றுகிறது

படிப்பதை நிறுத்திவிட்டு மெயினை ஆஃப் செய்யுங்கள். அப்புறம் மீதியைப் படிக்கலாம்.

போஸ்ட்டில் நியூட்ரல் அறுந்துவிட்டது அல்லது ஜாயிண்ட் விட்டுவிட்டது. ஆடிக் காற்றில் பனை மட்டையோ தென்னை மட்டையோ லைனில் விழுந்தால் இது நடக்கும். வள்ளியூர், பணகுடி பக்கம் அடிக்கிற காற்றில் மட்டை விழாமலே பழைய ஜாயிண்ட் ஆடி ஆடித் தளர்ந்துவிடும். தெருவில் ஓடுவது மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230, ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவே 400. பொது நியூட்ரல் போனதும் உங்கள் வீடும் அடுத்த ஃபேஸில் இருக்கிற வீடும் வரிசையாக இணைந்து அந்த 400-ஐப் பங்கு போட ஆரம்பிக்கும். அதிக லோடு போட்டிருக்கிற வீட்டுக்குக் குறைவான வோல்டேஜ் போகும், குறைந்த லோடு போட்டிருக்கிற வீட்டுக்கு அதிகம் வரும். அடுத்த வீட்டில் அயர்ன் பாக்ஸ் ஓடுகிறது, உங்கள் வீட்டில் ஒரு கீபோர்டும் இரண்டு எல்.இ.டி. பல்பும் மட்டும் என்றால் உங்களுக்கு 350-க்கு மேலேயே வந்துவிடும். கீபோர்டு அடாப்டர் அதில் நிமிஷக்கணக்கில்கூடத் தாங்காது.

இதைக் கண்டுபிடிக்க நல்ல அடையாளம் ஒன்று உண்டு: ஒன்றை ஆன் செய்தால் இன்னொன்றின் வெளிச்சம் கூடும் அல்லது குறையும். சில அறைகளில் மங்கலாகவும் சில அறைகளில் அதிக வெளிச்சமாகவும் எரிந்தால், மூன்று ஃபேஸ் வாங்கியிருக்கிற வீட்டில் சந்தேகமே வேண்டாம். வேறொரு வகையும் இருக்கிறது. எதுவுமே ஓடாது, ஆனால் டெஸ்டரை வைத்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரியும். அது உங்கள் வீட்டுக்கு மட்டும் வருகிற நியூட்ரல் விட்டுப்போனது. அதில் செட் போகாது, ஆனால் கரண்ட் இல்லை என்று நினைத்து வயரில் கை வைத்தால் ஆளே போய்விடும். இரண்டையும் லைன்மேன்தான் சரிசெய்ய வேண்டும், ஏணி போட்டு யாரும் ஏறாதீர்கள்.

ஸ்பைக் பஸ்டர் இதைத் தடுக்காதா என்று கேட்பார்கள். தடுக்காது. அதற்குள்ளே இருப்பது எம்.ஓ.வி. என்கிற, மாத்திரை மாதிரி வட்டமான ஒரு சின்னச் சாமான். பெரும்பாலும் 275 வோல்ட்டுக்கு மேலே தொடர்ந்து வந்தால் அது தாங்காது. நொடியில் ஆயிரத்தில், லட்சத்தில் ஒரு பங்கு நேரம் வருகிற பாய்ச்சலை உறிஞ்சுவதற்காகச் செய்தது அது. பத்து நிமிஷம் 350 வந்தால் தானே சூடாகி உருகி, சில சமயம் தீயும் பிடிக்கும். இந்தக் கோளாறுக்குச் சரியான ஆள், மெயின் போர்டில் மாட்டுகிற ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர். ஏறக்குறைய எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழுகிற ஸ்விட்ச்) அளவுதான் இருக்கும், முகப்பில் எண் காட்டும். மேல் எல்லை 255, கீழ் எல்லை 180, திரும்பக் கனெக்ட் ஆக 180 நொடி என்று செட் செய்துவிட்டால் எல்லை தாண்டியதும் அதுவே கட் செய்துவிடும், வோல்டேஜ் சரியாகி மூன்று நிமிஷம் கழித்துத்தான் விடும். வீட்டு மொத்த லோடையும் தாங்குகிற ஆம்பியரில் வாங்க வேண்டும். ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் என் கணக்கில் ஸ்டெபிலைசருக்கு முன்னால் இதைத்தான் வாங்க வேண்டும். செட்டோடு சேர்ந்து ஃப்ரிட்ஜும் டி.வி.யும் பிழைக்கும்.

மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது, கிடாரைத் தொட்டால் கை கூசுகிறது

இந்த ஒன்றை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘லேசாத்தான் அடிக்குது, பழகிப்போச்சு’ என்று சொல்லிக்கொண்டு வில்லுப்பாட்டு ஒத்திகையும் சர்ச் பாட்டுப் பயிற்சியும் நடக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன. அடுத்த தடவை லேசாக அடிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டர், மிக்சர், பவர்டு ஸ்பீக்கர் என்று எஸ்.எம்.பி.எஸ். (பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பவர் சப்ளை) வைத்த எல்லாவற்றிலும் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சின்னக் கன்டென்சர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அதன் வழியாக வருகிற துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் 230-ல் பாதி, அதாவது 115 வோல்ட் வாக்கில் மிதந்துகொண்டிருக்கும். அந்தப் பெட்டியோடு மைக் கேபிளின் கவசம் சேர்ந்திருக்கிறது, கவசத்தோடு மைக்கின் தலை சேர்ந்திருக்கிறது. நீங்கள் வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று பாடுகிறீர்கள், சுரீர் என்கிறது. துளிக் கரண்ட் என்பதால்தான் இதுவரை தப்பித்தீர்கள். உள்ளே நிஜமாகவே ஃபேஸ் வயர் ஒன்று பெட்டியில் பட்டால் அப்போதும் பெட்டி இதே மாதிரி அமைதியாகத்தான் இருக்கும், தொடுகிறவர்தான் விழுவார்.

ஓட்டு வீடுகளிலும் பழைய வளவு வீடுகளிலும் ஒயரிங் செய்தபோது இரண்டு வயர்தான் இழுத்தார்கள். பின்னால் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் மாட்டியிருப்பார்கள், மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. மெயினை ஆஃப் செய்துவிட்டு வயர்மேன் அந்த பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பச்சை வயர் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தால் மறுபடி மெயினைப் போட்டு மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட் என்று வந்தால் நல்லது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 15, 20 என்று காட்டினால் இரண்டில் ஒன்று தளர்ந்திருக்கிறது. டிஜிட்டல் மீட்டர் மோசமான எர்த்திலும் 230 காட்டக்கூடும், அதனால் மீட்டர் எண்ணை மட்டும் வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எர்த் டெஸ்டர் வைத்திருக்கிற ஆளைக் கூப்பிட்டு அளந்து பார்ப்பதுதான் சரி. வீட்டுக்கு 5 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி.

நம்ம பக்கம் மண்ணும் ஒத்துழைக்காது. திசையன்விளை பக்கத்துத் தேரி மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, பாளையங்கோட்டை பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும். அங்கெல்லாம் நாலு அடிக் கம்பியை அடித்துவிட்டு எர்த் போட்டாச்சு என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆழமாகக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைத்திருக்க வேண்டும். பங்குனியிலிருந்து ஆவணி வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குழி இருக்கிற இடத்தையே மறந்து மேலே டைல்ஸ் ஒட்டிவிட்ட வீடுகளும் உண்டு.

எர்த் கொடுத்ததும் ஷாக் நின்றுவிட்டால் அது கன்டென்சர் கசிவு, முடிந்தது. எர்த் கொடுத்ததும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) டிரிப் ஆனால் செட்டுக்குள்ளே எங்கோ ஃபேஸ் பெட்டியைத் தொடுகிறது. பிளக்கை உருவிவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு என்றால் 30 மில்லி ஆம்பியர் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள், பாடுகிற ஆளின் உயிரைக் காப்பது அதுதான்.

செய்யவே கூடாத இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, எர்த் வயர் இல்லை என்று பிளக் பாயிண்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் ஓட்டையையும் ஒரு துண்டு வயரால் இணைப்பது. ஷாக் உடனே நின்றுவிடும், அதனால் சரியான வேலை மாதிரித் தெரியும். நியூட்ரல் ஒரு நாள் விட்டுப்போனால் ஆம்ப் பெட்டி, மைக், கிடார் கம்பி எல்லாவற்றிலும் முழு 230 வந்து நிற்கும். இரண்டாவது, ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குவது.

ஹம் எந்நேரமும் இருக்கிறது, வோல்டேஜ் சரியாகத்தான் இருக்கிறது

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள், சிக்னல் கேபிள் எல்லாவற்றையும் உருவுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் ஆம்ப்புக்குள்ளே இருக்கிற பெரிய ஃபில்டர் கன்டென்சர் தளர்ந்திருக்கிறது. மேல்பக்கம் உப்பியிருக்கும், சில சமயம் அடியில் பிசின் மாதிரிக் கசிந்திருக்கும். அதே மைக்ரோஃபாரடில், அதே அல்லது அதிக வோல்ட்டில் மாற்ற வேண்டும். ஆஃப் செய்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், தொடாதீர்கள்.

கேபிளை உருவியதும் ஹம் போய்விட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகும்போது வருகிறதோ அங்கேதான் எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் சேர்ந்து உண்டான வளையம், இருக்கிறது. பெரும்பாலும் கம்ப்யூட்டர் அல்லது கேபிள் டி.வி. வயர் வந்து சேருகிற டி.வி.யாக இருக்கும். எல்லாச் சாமானையும் ஒரே பிளக் பாயிண்ட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எடுத்தால் பாதிக்கு மேல் சரியாகும். மிச்சத்துக்கு ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ஹம் இல்லாமல் ‘ஜ்ஜ்ஜ்’ என்று கூர்மையாக வந்தால் ஃபேன் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை ஒரு தடவை ஃபுல்லில் வைத்தோ ஆஃப் செய்தோ பாருங்கள்.

இடி இடித்ததிலிருந்து செட் உயிரோடு இல்லை

மேற்கே மலைப் பக்கம், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு எல்லாம் சித்திரை வைகாசி மத்தியானத்தில் கருக்கும்போது இடி அதிகம், அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் மாவட்டம் முழுவதும். இடி உங்கள் வீட்டில் விழ வேண்டியதே இல்லை. தூரத்தில் லைனில் விழுந்தாலோ, லைனுக்குப் பக்கத்தில் விழுந்தாலோகூட ஆயிரக்கணக்கான வோல்ட் கம்பி வழியே வந்துவிடும்.

ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதும் என்பது தப்பு. ஸ்விட்சுக்குள்ளே இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மேகத்திலிருந்து தரைக்குத் தாவி வந்த மின்னலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதோடு ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எப்போதும் இணைந்தேதான் இருக்கும். பிளக்கை உருவ வேண்டும். பிளக்கை மட்டும் உருவினாலும் போதாது. டி.டி.எச். டிஷ் வயர், கேபிள் டி.வி. வயர், லேன் கேபிள் என்று வெளியிலிருந்து செட்டுக்கு வந்து சேருகிற ஒவ்வொன்றையும் கழற்ற வேண்டும். ஃபைபர் லைனில் கண்ணாடி இழை வழியே கரண்ட் வராது, ஆனால் அதன் மோடம் அடாப்டர் வழியே வந்து லேன் கேபிளில் ஏறி கம்ப்யூட்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று போய்விடும். இடிக்குப் பிறகு ஆம்ப் நன்றாக இருந்து, டி.வி.யோடு இணைத்த ஒரு இன்புட் மட்டும் போயிருந்தால் அது வந்த வழி அதுதான்.

மின்னலைப் பார்த்து 30 நொடிக்குள் இடிச் சத்தம் கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே, வானம் கருக்கும்போதே கழற்றிவிடுங்கள். தலைக்கு மேலே இடித்துக்கொண்டிருக்கும்போது பிளக்கில் கை வைக்கப் போகாதீர்கள், செட் போனால் போகட்டும்.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு மெயின் போர்டில் டைப் 2 எஸ்.பி.டி. என்கிற பாய்ச்சல் தடுப்பான் மாட்டலாம். நம்ம ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் 275 போட்டதைவிட 320 வோல்ட் போட்டதைக் கேட்டு வாங்குங்கள், நீண்ட நாள் வரும். ஆனால் அது வருகிற பாய்ச்சலை எர்த்துக்குத்தான் தள்ளும். எர்த் இல்லாத வீட்டில் அது சும்மா இருக்கும். ஸ்பைக் பஸ்டர் வாங்கினால் உள்ளே எம்.ஓ.வி. இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஸ்பைக் பஸ்டர் என்ற பெயரில் வெறும் ஸ்விட்சும் பித்தளைப் பட்டையும் மட்டும் உள்ள பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. உண்மையானதிலும் எம்.ஓ.வி. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், பாதுகாப்பைக் காட்டுகிற விளக்கு அணைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் ஸ்பீக்கரில் ‘டம்’

கரண்ட் போனதும் ஆம்ப்பை ஆஃப் செய்யுங்கள். திரும்பி வந்ததும் தெருவில் இருக்கிற ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும், முதல் சில நிமிஷம் வோல்டேஜ் ஆடும். ஐந்து நிமிஷம் பொறுத்து மிக்சர், கீபோர்டு முதலில், ஆம்ப் கடைசியில். ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில். இந்த வரிசையை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால் ட்வீட்டர் அடிக்கடி போகாது.

ஃபியூஸ் போட்டால் போட்டவுடன் போகிறது

பழைய ஃபியூஸைப் பாருங்கள். கண்ணாடி சுத்தமாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் ஏதோ சின்னப் பாய்ச்சல், அதே அளவில் ஒன்று போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி உள்ளே கருத்து வெள்ளி பூசின மாதிரி இருந்தால் உள்ளே ஷார்ட், இன்னொன்று போட்டாலும் போகும். டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப் ஆன் ஆகும் கணத்தில் அதிகக் கரண்ட் இழுக்கும், அதற்கு ஸ்லோ ப்ளோ ஃபியூஸ்தான் போட வேண்டும், கேப்பில் ‘T’ என்று குறித்திருப்பார்கள். சாதாரண ஃபியூஸ் போட்டுவிட்டு அடிக்கடி போகிறது என்று சொல்பவர்கள் இதை ஒரு தடவை பார்க்கலாம். சிகரெட் அட்டை வெள்ளித்தாள், செம்புக் கம்பி எதையும் சுற்றாதீர்கள், அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர்.

மெக்கானிக் வேலை தெரிந்தவர்கள் 100 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் போட்டு ஆன் செய்வார்கள். பல்பு ஒரு தடவை மின்னி மங்கினால் செட் நல்லது, பளீரென்று நின்று எரிந்தால் ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்புக்குத்தான் இந்தச் சோதனை.

நம்ம பக்கம் 4440 என்கிற ஐ.சி.யை வைத்துக் கையால் கட்டின போர்டு ஆம்ப் இன்னும் எத்தனையோ வீட்டில் பாடுகிறது. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு டயோடு போட்டால் 230-ல் கன்டென்சரில் 16 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். லைன் 270-க்கு ஏறினால் அது 19-ஐத் தாண்டிவிடும். அந்த ஐ.சி. பாடும்போது தாங்குகிற உச்சம் 18. ராத்திரியில் ஹை வோல்டேஜ் வருகிற வீட்டில் அடிக்கடி ஐ.சி. போவதற்குக் காரணம் இதுதான், டூப்ளிகேட் ஐ.சி. என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன்னால் லைனை அளந்து பாருங்கள். 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிவிட்டால் சத்தம் கொஞ்சம் குறையும், ஐ.சி. பிழைக்கும். அல்லது அதற்குப் பிடித்தது 13.2 வோல்ட்தான், நேரே 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாம், நடுவே ஒரு ஃபியூஸ் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். லைன் கோளாறு எதுவும் கிட்டே வராது, ஹம்மும் இருக்காது.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘கர்ர்’

சதுர அலை இன்வெர்ட்டர். நல்ல சைன் அலையில் 230 வோல்ட் என்றால் உச்சம் 325 வரை போகும், ஆம்ப்பின் டயோடும் கன்டென்சரும் அந்த உச்சத்தைத்தான் பிடிக்கின்றன. சதுர அலைக்கு அந்த உச்சம் இல்லை, ஓரங்கள் மட்டும் கூராக இருக்கும். அதனால் சத்தம் குறையும், டிரான்ஸ்ஃபார்மர் கத்தும், சூடும் ஏறும். கம்ப்யூட்டருக்கு விற்கிற சின்ன யு.பி.எஸ்.களும் பேட்டரியில் பெரும்பாலும் இப்படித்தான். இன்வெர்ட்டர் மாற்றும்போது ப்யூர் சைன் வேவ் கேளுங்கள், அதுவரை கரண்ட் இல்லாத நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்பை ஓய்வாக வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த செட் செருகியதும் புகை

சவூதியில் பழைய கட்டடங்களில் 127 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் 220 அல்லது 240-க்குத் திருப்பிவிட்டுத்தான் செருக வேண்டும். ஊருக்கு வந்த சந்தோஷத்தில் பெட்டியைப் பிரித்ததும் செருகிவிடுவார்கள். செலக்டர் இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அப்போதும் அங்கே 60 ஹெர்ட்ஸ் (ஜப்பானின் கிழக்குப் பகுதியில் மட்டும் 50), இங்கே 50 என்பது மாறாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த, ஏ.சி. மோட்டார் வைத்த பழைய ரெக்கார்டு பிளேயர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், பாட்டு சுமார் மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிக் கேட்கும். சதுரப் பின் பிளக்குக்கு மாட்டுகிற மலிவான கன்வெர்ட்டர்கள் பலதில் எர்த் தொடர்பே இருக்காது, பிளக்கையே வெட்டி நம்ம ஊர் மூன்று பின் பிளக் மாற்றுவது நல்லது.

கடற்கரை வீடு: ஆட்டினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கம் உப்புக் காற்றில் பிளக் பின்னும் பாயிண்ட் உள்பித்தளையும் பாசி பிடித்துவிடும். பிளக் சூடாகிறதா என்று பத்து நிமிஷம் ஓடிய பிறகு உருவித் தொட்டுப் பாருங்கள், சூடு இருந்தால் பாயிண்ட்டை மாற்றுங்கள். சுரண்டிப் போட்டால் மறுபடி வரும்.

தண்ணீரில் நனைந்த செட்

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது எத்தனையோ ஆம்ப்பும் கீபோர்டும் சேற்றில் கிடந்தன. வெளியே காய்ந்த மாதிரித் தெரிந்ததும் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஆன் செய்ததில் போனவைதான் பரிதாபம், பொறுத்திருந்தால் சிலதாவது பிழைத்திருக்கும். நனைந்த செட்டை ஆன் செய்யாதீர்கள். பேட்டரி இருந்தால் முதலில் எடுங்கள். மூடியைக் கழற்றி, சேறு உள்ளே காய்வதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் போர்டை அலசுங்கள், காய்ந்த சேறு கரண்டைக் கடத்தும். அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். கீபோர்டின் கட்டைகளுக்கு அடியில் இருக்கிற ரப்பர் பட்டையை வெயிலில் வைத்தால் கெட்டுப்போகும். போர்டு இரண்டு மூன்று நாளில் காயும், டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள்ளே போன தண்ணீருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதை மெக்கர் (கசிவு பார்க்கிற மீட்டர்) வைத்து அளந்து, சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே கசிவு இல்லை என்று மெக்கானிக் சொன்ன பிறகுதான், அதுவும் சீரியஸ் பல்ப் போட்டு, முதல் தடவை ஆன் செய்ய வேண்டும். வீட்டு ஒயரிங்கும் நனைந்திருந்தால் சுவரில் இருக்கிற பாயிண்ட்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், செட்டுக்கு அப்புறம் வரலாம்.